டிசம்பர் கடைசியில் கல்கத்தா: அவசரமில்லாமல் நடக்க எங்கே, எப்போது?

கொங்குவாசி:

டிக்கெட் எடுத்தாச்சு, அறையும் பேசியாச்சு. டிசம்பர் 22 காலை போய் இறங்கி 28 இரவு கிளம்புகிறோம். நான், மனைவி, 65 வயது அம்மா, எட்டாவது படிக்கும் பையன். போன வருஷ லீவில் இதே கூட்டணியோடு ஒரு டூர் வேனில் ஏறி நாலு நாளில் பதினேழு இடம் பார்த்தோம், எந்தக் கோபுரம் எந்த ஊரில் என்று வீட்டில் இன்றைக்கும் சண்டை. அதனால் இந்த முறை வேனும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம். ஒரே ஊர், அதுவும் கிறிஸ்துமஸ் நேரத்துக் கல்கத்தா. சும்மா நடப்பது, களைத்தால் உட்காருவது, டீ குடிப்பது, மறுபடி நடப்பது. திட்டம் அவ்வளவுதான்.

கேள்வி என்னவென்றால், வீடியோக்களில் பார்த்தால் 25ஆம் தேதி இரவு பார்க் ஸ்ட்ரீட் தைப்பூசத்துப் பழனி அடிவாரம் மாதிரி இருக்கிறது, தரையே தெரியவில்லை. அதில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நிதானமாக நடக்க முடியுமா? அவருக்கு வலது முட்டி கொஞ்சம் தகராறு, சமதளத்தில் ஒரு மணி நேரம் நடப்பார், படிதான் ஆகாது. நானும் அம்மாவும் சைவம், மற்ற இருவரும் எதையும் விடமாட்டார்கள். அங்கே இருந்தவர்கள், போய் வந்தவர்கள் சொல்லுங்கள். பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்று யாரும் லிங்க் போடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

பழைய_பாலிகஞ்ச்:

வங்கி வேலையில் 11 வருஷம் அங்கே குப்பை கொட்டியவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் நேர் பதில். 25 சாயங்காலம் பார்க் ஸ்ட்ரீட்டில் நீங்கள் நடக்க மாட்டீர்கள், கூட்டம்தான் உங்களை நடத்திக்கொண்டு போகும். வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், நடுரோடு முழுக்க ஜனம், சிவப்பு விளக்கு மினுக்கும் கொம்பை மாட்டிக்கொண்டு பிள்ளைகள், காதுக்குள்ளேயே பீப்பி. நின்று ஒரு கட்டடத்தை அண்ணாந்து பார்த்தால் பின்னால் வருகிறவர் உங்கள் முதுகில் இருப்பார். ஆனால் அதே விளக்குகள் 22, 23லும் எரியும், அன்றைக்கே போய்விடுங்கள். ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும், அது கிழக்கத்தி ஊர், டிசம்பரில் 5 மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். நம் ஊர்க் கணக்கில் ஆறரைக்குக் கிளம்பினால் பாதி கதை முடிந்திருக்கும்.

மதியம் மூன்று மணிவாக்கில் பார்க் ஸ்ட்ரீட்டை அதன் கிழக்குக் கோடியில் இருந்து தொடங்குங்கள். எல்லோரும் மெட்ரோவில் இறங்கி மேற்கிலிருந்து வருவார்கள், நீங்கள் எதிர்த்திசையில் வாருங்கள். அந்தக் கோடியில் 1767இல் திறந்த பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பண்டிகை நாளில் கல்லறையா என்று அம்மா திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள். கோயில் விமானம் மாதிரியும் எகிப்துப் பிரமிடு மாதிரியும் பாசி பிடித்த சமாதிகள், மேலே மரம் மூடிய நிழல், வாசலைத் தாண்டியதும் ஹாரன் சத்தம் பாதியாகிவிடும். இருக்கிற சமாதிகளிலேயே உயரமானது வில்லியம் ஜோன்ஸுடையது. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 1786இல் பேசினாரே, அவர்தான். (அதற்கு 30 வருஷம் கழித்து, தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் தனிக் குடும்பம் என்று சென்னையில் உட்கார்ந்து எழுதியவர் எல்லிஸ். அதை யாரும் பாடப்புத்தகத்தில் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கு அந்த ஆதங்கம் உண்டு.) அங்கிருந்து மேற்கே மெதுவாக நடந்தால் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர், தெரு முடியும் சௌரங்கி முனையில் ஆசியவியல் கழகம். 1784இல் அதைத் தொடங்கியவரும் இதே ஜோன்ஸ்தான். ஒரு முனையில் அவர் சமாதி, மறு முனையில் அவர் கழகம், நடுவில் கேக் கடைகளும் மதுக்கடைகளும் கபாப் கடைகளும். அந்தக் காலத்தில் இந்தத் தெருவுக்கே இடுகாட்டுச் சாலை என்றுதான் பெயர். இப்போது அரசாங்கக் கணக்கில் மதர் தெரசா சரணி, அந்தப் பெயரைச் சொன்னால் டாக்ஸிக்காரர் ஒரு நொடி யோசிப்பார்.

வழியில் ஃப்ளூரிஸ், 1927இல் ஒரு சுவிஸ் தம்பதி தொடங்கிய பேக்கரி. உள்ளே உட்கார இடம் பிடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாலே பண்டிகை தெரியும். ஆலன் பூங்காவில் 2011 முதல் அரசே கிறிஸ்துமஸ் விழா நடத்துகிறது, மேடையில் பாட்டு ஓடும். இருட்டி அரை மணி நேரத்துக்குள் மெட்ரோவைப் பிடித்தால் அம்மாவின் முட்டியும் உங்கள் சந்தோஷமும் பத்திரம்.

25ஆம் தேதி காலை? ஊரே தூங்கும் நேரம், டல்ஹௌசிக்குப் போங்கள். மற்ற நாட்களில் ஆபீஸ் ஜனத்தில் கால் வைக்க முடியாத இடம், அன்றைக்கு வெறிச்சோடிக் கிடக்கும். சிவப்பு ரைட்டர்ஸ் பில்டிங், 1868இல் கட்டிய தலைமைத் தபால் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடம், நடுவில் லால் தீகி குளம். சுற்றி வர முக்கால் மணி நேரம் போதும், ஒரு படிகூட ஏற வேண்டாம். பக்கத்திலேயே செயின்ட் ஜான்ஸ் சர்ச், 1787. 25 காலையில் ஆராதனை நடக்கும், ஆகவே அதற்குள் வேறொரு நாள் நுழையுங்கள். அதன் வளாகத்தில் ஜாப் சார்னக் சமாதியைத் தவறவிடாதீர்கள், 1693இல் இறந்த கம்பெனி ஆள், கல்கத்தாவுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் என்று பழைய புத்தகங்கள் சொல்லும் (இல்லை என்று அங்கே கோர்ட் வரை போனார்கள், அது தனிக்கதை). அவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அந்தச் சமாதிக் கல்லைப் பாருங்கள். கருநீலம் பாய்ந்த அந்தக் கல் நம் பல்லாவரத்திலிருந்து கப்பலில் போனது. பிற்பாடு ஹாலண்ட் என்ற நிலவியலாளர் இந்த வகைக் கல்லுக்கே சார்னகைட் என்று பெயர் வைத்துவிட்டார். நாம் தினம் மின்சார ரயிலில் தாண்டிப் போகிற பாறை, உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஒரு கல்கத்தா சமாதியின் பெயரில் இருக்கிறது.

இன்னும் சொல்லலாம், மற்றவர்களும் எழுதட்டும்.

ஒத்தச்செருப்பு:

அண்ணன் சொன்னதில் கல்லும் கல்லறையும் நூற்றுக்கு நூறு. ஆனால் 25 சாயங்காலத்தைத் தவிர்க்கச் சொன்னதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கூட்டம் இல்லாத கிறிஸ்துமஸுக்கு எதற்குக் கல்கத்தா வரை போக வேண்டும்? அங்கே அந்த நாளுக்குப் பெயரே போரோதின், பெரிய நாள். வந்திருக்கும் ஜனத்தில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களே இல்லை, புறநகர் ரயிலில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கி, ஒரு கேக்கை வாங்கி, விளக்கைப் பார்த்து, கடைசி ரயிலைப் பிடித்துப் போகிறவர்கள். 15 டிகிரி குளிருக்குத் தாத்தா முதல் கைக்குழந்தை வரை குரங்குக் குல்லாய், அதன் மேல் சிவப்புக் கிறிஸ்துமஸ் குல்லாய். அந்த இரட்டைக் குல்லாய்த் தாத்தாக்களை 22ஆம் தேதி எங்கே போய்த் தேடுவது?

என் பெயர்க் காரணமும் அதே தெருதான். இரண்டு வருஷம் முன்னாடி பின்னால் வந்த ஒருவர் என் செருப்பு வாரை மிதித்தார், குனிய இடமில்லை, நிற்கவும் முடியவில்லை, கூட்டம் என்னைப் பத்தடி கொண்டுபோய் விட்டது, செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. மறு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றேன். பீப்பி விற்கிற பையன் ஒருவன் பார்த்துவிட்டு, அவன் கடை விரித்திருந்த கோணிக்குக் கீழேயிருந்து ஒரு ரப்பர் செருப்பை எடுத்துக் கொடுத்தான். காசு வாங்கவில்லை, இரண்டு பீப்பி மட்டும் வாங்க வைத்தான். இடது காலுக்குத்தான் வேண்டும், அவன் கொடுத்ததும் வலது கால் செருப்பு, அப்படியே நடந்து அறைக்குப் போனேன்.

ஆகவே என் யோசனை: அம்மாவும் மனைவியும் அறையில் இருக்கட்டும், பையனை மட்டும் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் போய் வாருங்கள். வார் வைத்த ஷூ போடுங்கள். பர்ஸ் முன்பக்கப் பாக்கெட்டில். பிரிந்துவிட்டால் எந்த முனையில் நிற்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், அந்தக் கூட்டத்தில் போன் சிக்னலை நம்ப முடியாது.

மிளகுரசம்:

ஆண்கள் இருவரும் சாப்பாட்டையும் பாத்ரூமையும் விட்டுவிட்டீர்கள். போன டிசம்பரில் மாமியாரோடு போய் வந்தேன், அவருக்கும் முட்டி, அவரும் சைவம், அதனால் சொல்கிறேன்.

சைவம் என்று கேட்காதீர்கள், வெஜ் என்றும் மட்டும் சொல்லாதீர்கள், நிராமிஷ் என்று சொல்லுங்கள். அது அங்கே அழுத்தமான சொல், உடனே புரிந்துகொள்வார்கள். காலையில் தெருமுனைக் கடைகளில் கொச்சூரியும் (உள்ளே பருப்பு வைத்த பூரி மாதிரி) உருளைக்கிழங்குக் கறியும் சுடச்சுடக் கிடைக்கும், எங்கள் மாமியார் ஐந்து நாளும் அதிலேயே ஓட்டினார். நியூ மார்க்கெட்டுக்குள் நஹூம் கடை, 1902இல் தொடங்கிய யூதர் பேக்கரி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் பிளம் கேக் வாங்க வரிசை வெளியே வரை நிற்கும். அதில் முட்டை உண்டு, அம்மாவிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். வாங்கி வந்து பாதி சாப்பிட்ட பிறகு சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இட்லிக்கு ஏங்கினால் லேக் மார்க்கெட், காளிகாட் மெட்ரோவில் இறங்கி நடக்கிற தூரம். கட்டின மல்லிகைச் சரம், வாழை இலை, காப்பிப் பொடி எல்லாம் இருக்கும், நாலு கடை தள்ளித் தமிழில் பேரம் பேசுகிற குரலும் கேட்கும்.

அம்மாவுக்கு நீங்கள் கட்டாயம் வாங்கித் தர வேண்டியது கேக் இல்லை, ஈச்சங்கருப்பட்டி. அவர்கள் நோலென் குர் என்பார்கள், குளிர்காலத்தில் மட்டும் வரும். நம் ஊரில் பனையில் பதநீர் இறக்குவது போல அங்கே ஈச்ச மரத்தின் கழுத்தைச் சீவிப் பானை கட்டி, ராத்திரி முழுக்கச் சொட்டுவதை விடியும் முன் இறக்கிக் காய்ச்சுகிறார்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும். கருப்பட்டியைவிட மென்மை, லேசாகப் புகை வாசனை. அதைப் போட்டுப் பிசைந்த சந்தேஷ், அதாவது பாலைத் திரித்துச் செய்கிற இனிப்பு, வெளிர்பழுப்பாக இருக்கும், விரலால் அழுத்தினால் ஈரமாகப் பள்ளம் விழும், வாயில் வைத்தால் மென்று முடிக்கும் முன் காணாமல் போய்விடும். வடக்குக் கல்கத்தாவில் 1844இல் தொடங்கிய கிரிஷ் நகுர் கடையில் வாங்கினோம், கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து விற்கிறார்கள், உட்கார்ந்து சாப்பிட நாற்காலி கிடையாது. அப்புறம் ஜெய்நகர் மோவா. பார்த்ததும் கார்த்திகைப் பொரி உருண்டை என்று மாமியார் ஆர்வமாகப் பல்லைத் தயார் செய்துகொண்டு கடித்தார், அது வெண்ணெய் மாதிரி உதிர்ந்துவிட்டது.

உட்காருவதற்கு: விக்டோரியா நினைவகத் தோட்டமும் எதிரே மைதானமும். கமலா ஆரஞ்சு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு புல்லில் உட்காருங்கள், ஊரே அதைத்தான் செய்கிறது. உள்ளே காட்சிக்கூடம் திங்கட்கிழமை மூடியிருக்கும், மியூசியமும் அப்படியே. 25ஆம் தேதியும் ஜனவரி 1ஆம் தேதியும் மிருகக்காட்சி சாலைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

படிப் பிரச்சினை: பழைய மெட்ரோவில் எல்லா வாசலிலும் எஸ்கலேட்டர் இருக்காது, எது இருக்கிற வாசல் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். ஆற்றுக்கு அடியில் போகிற புதுப் பாதையில் லிஃப்ட் உண்டு. அதில் கங்கைக்குக் கீழே 520 மீட்டர், 45 வினாடி, சுரங்கத்தில் நீல விளக்கு எரியும். எங்கள் பையன் எண்ணிக்கொண்டே வந்து 38இல் விட்டுவிட்டான், திரும்பப் போக வேண்டியதாயிற்று.

கடைசியாக ஒன்று. போ பேரக்ஸுக்குப் போகச் சொல்லி யாராவது எழுதுவார்கள். போங்கள், சிவப்புச் செங்கல் மூன்று மாடி வரிசை வீடுகள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், தெரு முழுக்கத் தோரணம், அழகுதான். ஆனால் அது ஆட்கள் குடியிருக்கும் இடம். நாங்கள் போனபோது ஒரு கும்பல் தரைத்தள ஜன்னலுக்குள் போனை நீட்டிப் படம் எடுத்தது, உள்ளே ஒரு பாட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மாதிரி வேண்டாம்.

ரயிலடி:

சின்னத் தகவல். சென்னையிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வருவதாக இருந்தால், அது இப்போது ஹவுராவுக்கு வருவதில்லை, ஷாலிமாரோடு சரி. ஷாலிமாரில் இறங்கி ஹவுரா பாலம் எங்கே என்று தேடாதீர்கள். வெளியே வந்து டாக்ஸிதான். மஞ்சள் அம்பாசடர் கிடைத்தால் ஏறிக்கொள்ளுங்கள், 15 வருஷ விதியில் ஒவ்வொன்றாகக் கழிகிறது, 2014க்குப் பிறகு அந்தக் காரைத் தயாரிக்கவே இல்லை. டிராமும் அதே கதை, 1873இல் குதிரை இழுத்ததிலிருந்து ஓடியது, இன்றைக்கு ஒன்றிரண்டு வழித்தடம்தான் மிச்சம். எஸ்பிளனேடில் நின்று வந்தால் ஏறுங்கள், எங்கே போகிறது என்று கேட்க வேண்டாம்.

பழைய_பாலிகஞ்ச்:

@ஒத்தச்செருப்பு, சரி, ஒத்துக்கொள்கிறேன், நான் 11 வருஷம் இருந்தவன், அதனால் அலுப்பு. முதல் வருஷம் நானும் அந்தக் கூட்டத்தில் பீப்பி ஊதியவன்தான்.

@மிளகுரசம், பாத்ரூம் பற்றிச் சொல்லப்போவதாக ஆரம்பித்து நீங்களும் சொல்லவில்லை.

மிளகுரசம்:

ஐயோ ஆமாம். பெரிய கடைகள் இருக்கும் மால், இல்லாவிட்டால் மியூசியம். நடக்கத் தொடங்கும் முன் போய்விடுங்கள். நடுவழியில் நம்பிக்கை வைக்காதீர்கள்.

கொங்குவாசி:

எல்லோருக்கும் நன்றி. ஜனவரி 3 இன்று, திரும்பி வந்து துணியெல்லாம் துவைத்தாயிற்று. கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவன் என்று பெயர் வாங்க விருப்பமில்லை, அதனால் எழுதுகிறேன்.

23ஆம் தேதி கல்லறைத் தோட்டத்திலிருந்து மேற்காக நடந்தோம். அம்மா திட்டவில்லை. உள்ளே ஒவ்வொரு சமாதியிலும் எத்தனை வயதில் செத்தார்கள் என்று பையனைப் படித்துச் சொல்லச் சொன்னார், பெரும்பாலும் இருபது சொச்சம், முப்பது சொச்சம், கைக்குழந்தைகள் வேறு. "கப்பலேறி வந்து காய்ச்சல்ல போயிருக்குதுங்க, பாவம்" என்று வெளியே வரும் வரை அதே பேச்சு. பார்க் ஸ்ட்ரீட்டில் நாங்கள் நாலு பேரும் ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க இரண்டே கால் மணி நேரம் ஆனது. மண் குவளை டீ அம்மாவுக்குப் பிடித்துவிட்டது, ஆனால் இரண்டு மடக்குதான் இருக்கிறது என்று குறை, ஒவ்வொரு கடையிலும் மூன்று வாங்கினார். குடித்த குவளையை எறிய மனசு வராமல் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, இப்போது வீட்டில் பதினாலு இருக்கிறது, திருக்கார்த்திகைக்கு விளக்கு ஏற்றலாமாம்.

25 இரவு பையனோடு போனேன். ஷூ போட்டிருந்தேன். ஒரு மணி நேரம் என்று சொல்லிப் போய் மூன்று மணி நேரம் கழித்து வந்தோம், அதற்குக் கிடைத்த பாட்டு தனி.

சார்னக் சமாதிக்கு 27 காலை போனோம். நான் பல்லாவரம் என்று சொன்னதும் அம்மா கிட்டே போய் உள்ளங்கையை அந்தக் கல்லில் வைத்துப் பார்த்தார். சில்லென்று இருக்கிறது என்றார். காவலுக்கு இருந்தவர் தொடக் கூடாது என்று இந்தியில் சொன்னார், அம்மா தமிழில், "எங்க ஊர்க் கல்லுங்க" என்றார். அவருக்கு என்ன புரிந்ததோ, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு சந்தேகம், @மிளகுரசம். ஈச்சங்கருப்பட்டி கட்டி ஒரு கிலோவும், பாட்டிலில் ஊற்றிய பாகு அரை லிட்டரும் வாங்கி வந்தோம். பாட்டிலைத் திறந்தால் லேசாக நுரை நிற்கிறது. கெட்டுவிட்டதா?

மிளகுரசம்:

பாகை வெளியே வைத்திருந்தீர்களா? அது கட்டி மாதிரித் தாங்காது, ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும், நம் ஊர் வெயிலுக்குப் புளிக்க ஆரம்பித்திருக்கும். முகர்ந்து பாருங்கள், கள் வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். கட்டியைக் காகிதத்தில் சுற்றி ஈரம் படாத டப்பாவில் போட்டு அதையும் ஃபிரிட்ஜிலேயே வையுங்கள், பொங்கலுக்கு நிச்சயம் தாங்கும். சர்க்கரைப் பொங்கலில் போட்டால் அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள், கொதித்தால் வாசனை போய்விடும்.

கொங்குவாசி:

கள் வாடைதான். அம்மாவிடம் யார் சொல்வது?